ஆப்ஷன் இல்லாமல் எழுத வைத்தது கணினிதான்: மொழிப்பாட நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மொழிப்பாடச் செயலி நடத்தும் நிறுவனத்தாருக்கு,

போன திங்கட்கிழமை உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கணினியில் பாடம் திறக்காது, பணம் கட்டவும் பாஸ்வேர்டு மாற்றவும் மட்டும்தான் இணையதளம், படிப்பெல்லாம் இனி மொபைல் செயலியில் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில், எங்கள் கற்றல் அனுபவம் இதனால் இன்னும் சிறக்கும் என்று ஒரு வரி. மற்றதைக்கூட விட்டிருப்பேன். அந்த வரியை விட முடியவில்லை.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. இதே கணக்கை நாளைக்கு இன்னொரு நிறுவனமும் போடும். அவர்களும் படிக்கட்டும்.

நான் மதுரை பழங்காநத்தத்தில் மாடியில் ஒரு தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். ஒன்பது மிஷின், ஐந்து கணினி. லோயர், ஹையர் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். நீங்கள் வெளியூர்க்காரர்கள் என்பதால் சொல்கிறேன். அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வு அது. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. இந்த ஊரில் அலுவலக வேலைக்குப் போன பலருடைய விரல்கள் இப்படிப்பட்ட மாடிகளில்தான் பழகின.

மூன்று வருடத்துக்கு முன்னால், என்னிடம் ஹையர் முடித்துவிட்டு நர்சிங் படிக்கப் போன பெண் ஒருத்தி திரும்பி வந்தாள். "சார், நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போக ஜெர்மன் படிக்கிறேன். சாயங்காலம் ஒரு கணினி கிடைக்குமா?" என்று கேட்டாள். கொடுத்தேன். அவள் தன் தோழியைக் கூட்டிவந்தாள், தோழி தன் ஹாஸ்டல் பெண்களைக் கூட்டிவந்தாள். இப்போது உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பெண்கள் பதினான்கு பேர் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். இலக்கணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் ஓர் ஆசிரியை இருக்கிறார். பயிற்சிக்கு உங்கள் பாடம், என் கணினி. பின்னால் நின்று பார்த்துப் பார்த்து நானும் ஒரு கணக்குத் திறந்துவிட்டேன். வயது 57. ஏ1 தொடங்கும் ஆறு படிகளில் இரண்டாவதான ஏ2 நிலையில் தத்தளித்துக்கொண்டிருக்கிறேன். ஆக, நான் எழுதுவது கேள்விப்பட்டதை வைத்து அன்று.

மொபைல் செயலி மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டி போய்ச் சேர்வதற்குள் ஒரு பெண் ஐம்பது சொல்லைத் திருப்பிப் பார்த்துவிடுகிறாள். நின்றுகொண்டே, ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கணினியால் அது ஆகாது. உச்சரிப்புப் பயிற்சியும் போனில்தான் நன்றாக இருக்கிறது; என் கணினிகளில் மைக் கிடையாது, ஒன்றில் இருந்ததும் ஃபேன் சத்தத்தைத்தான் ஜெர்மன் என்று எடுத்துக்கொண்டது. இதெல்லாம் சரி. காதுக்கும் வாய்க்கும் போன் போதும்.

கைக்குப் போதாது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். செக்கானூரணியிலிருந்து வரும் ஒரு பெண், சுறுசுறுப்பானவள். நைட் டூட்டி மாறி மாறி வந்ததால் ஏழு மாதம் பயிலகத்துக்கு வர முடியவில்லை. முழுக்க உங்கள் செயலியில்தான் படித்தாள். ஒரு நாள்கூட விடாமல் 212 நாள். நீங்கள் கொடுத்த பதக்கத்தை எல்லோருக்கும் காட்டினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உட்கார வைத்து, கணினியில் வெறும் பக்கத்தைத் திறந்து, "நான் மூன்று வருடம் மருத்துவமனையில் வேலை செய்திருக்கிறேன்" என்பதை ஜெர்மனில் அடிக்கச் சொன்னேன். "இஷ் ஹாபெ" என்ற முதல் இரண்டு சொல் வரைக்கும் வந்தது. அப்புறம் விரல் நின்றுவிட்டது.

"என்னம்மா, தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா ஆப்ஷன் வரலையே. ஆப்ஷன் இல்லாம எப்படி சார் எழுதுறது?"

அவளுக்கு உண்மையிலேயே தெரியும். போனை எடுத்து அதே வாக்கியத்தைக் காட்டினேன். கீழே ஏழெட்டுச் சொற்கள் கலைந்து கிடந்தன, நான்கு விநாடியில் வரிசையாகத் தட்டிவிட்டாள். வினை கடைசியில் போய் உட்காருவதுகூட அவளுக்குச் சிரமமில்லை, தமிழில் பழகியதுதானே. ஆனால் அந்தச் சொற்களை நீங்கள் கொடுத்திருந்தீர்கள். மருத்துவமனைக்கான சொல்லைக் கண்டால் அடையாளம் தெரிகிறது. காணாமல் வரவழைக்கத் தெரியவில்லை. இதே வாக்கியத்துக்குக் கணினிப் பதிப்பில் ஒரு காலிப் பெட்டிதான் வரும். எழுத்து எழுத்தாக நாமே அடிக்க வேண்டும். இரண்டும் ஒரே பாடம் என்று உங்கள் அலுவலகத்தில் நினைக்கிறீர்கள். என் மாடியில் அவை வெவ்வேறு படிப்பு.

உங்கள் செயலியிலும் தட்டச்சு செய்யும் வசதி ஒரு மூலையில் இருக்கிறது, தெரியும். அதைப் போட்டால் போனின் விசைப்பலகை முந்திக்கொள்கிறது. முதல் மூன்று எழுத்தை அடித்ததும் முழுச் சொல்லும் மேலே வந்து நிற்கும். ஜெர்மனில் எந்தப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். அதையும் போனே பார்த்துக்கொள்கிறது. படிப்பது நாங்களா, போனா என்று சந்தேகம் வருகிறது.

புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். தட்டச்சு வாத்தியாருக்கு இதில் கொஞ்சம் அதிகமாகவே பேச இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனில் ஏ, ஓ, யூ என்ற மூன்று எழுத்துகளுக்குத் தலையில் இரட்டைப் புள்ளி வரும். வந்தால் ஒலியும் மாறும், பல இடங்களில் பொருளும் மாறும். 'ஷோன்' என்பதைப் புள்ளியில்லாமல் எழுதினால் 'ஏற்கெனவே'. புள்ளி வைத்தால் 'அழகான'. நர்சுகளுக்கு இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 'ட்ருக்கென்' என்றால் அச்சடிப்பது. அதே சொல்லில் யூ தலையில் புள்ளி வைத்தால் அழுத்துவது. நோயாளியின் வயிற்றை அழுத்திப் பார்த்ததாகக் குறிப்பு எழுதப் போய், அச்சடித்துப் பார்த்ததாக எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? எங்கள் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பழகிவிட்டார்கள். ஏனென்றால் கணினிப் பதிப்பில் புள்ளி விட்டால் தப்பு. சிவப்புக் கோடு விழும், பாட முடிவில் அதே வாக்கியம் திரும்ப வரும். செயலியில் என்ன செய்திருக்கிறீர்கள்? புள்ளி இல்லாமல் அடித்தாலும் பச்சை. ஓரமாகச் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. வேகமாகப் போகிறவர்கள் அதைப் படிப்பார்களா?

கணினியில் ஜெர்மன் விசைப்பலகையைச் சேர்க்கத் தனிக் காசு இல்லை. அமைப்புகளில் போய்ச் சேர்த்துவிடலாம். சேர்த்தால் ஒய் இருந்த இடத்தில் இசட் வரும், இசட் இருந்த இடத்தில் ஒய். வலது சுண்டுவிரல் உட்காரும் செமிகோலன் இடத்தில் புள்ளி வைத்த ஓ. அதற்கு அடுத்த கட்டை புள்ளி வைத்த ஏ. ஏஎஸ்டிஎஃப், செமிகோலன் எல்கேஜே என்ற நம் முதல் தட்டச்சுப் பாடத்தில் செமிகோலனை மட்டும் தட்டிய சுண்டுவிரலுக்கு ஜெர்மனில்தான் சரியான வேலை. எங்கள் பெண்கள் தாங்கள் வேலை பார்க்கும் வார்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை பிளாஸ்டரை வெட்டி, பேனாவால் எழுதி, நான்கு கணினிகளின் கட்டைகளில் ஒட்டியிருக்கிறோம். மூன்றாவது வாரம் பிளாஸ்டரைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். விரல் தானாகப் புள்ளிக்குப் போகும். சொல்லோடு சேர்த்துப் புள்ளியையும் விரல் மனப்பாடம் செய்துவிடுகிறது. முப்பது வருடமாக நான் பார்த்துவரும் விஷயம் இது, மொழி மட்டும்தான் புதிது.

இவ்வளவும் எதற்கு என்றால், தேர்வில் ஆப்ஷன் வராது. கோத்தே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் தேர்வில் மூன்றாவது படி பி1; அதன் எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடம். தெரிந்தவருக்கு ஒரு கடிதம் சுமார் 80 சொல், ஒரு விஷயத்தைப் பற்றிச் சொந்தக் கருத்து சுமார் 80 சொல், மரியாதையாக எழுதும் ஒரு சிறு கடிதம் சுமார் 40 சொல். வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நூற்றுக்கு 60 வாங்க வேண்டும். எங்கள் பெண்களில் தவறியவர்கள் எல்லோரும் எழுத்தில்தான் தவறினார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் சென்னை எழும்பூரில் இறங்கி, தேர்வு எழுதிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் அந்த ஒரு பகுதிக்காகப் பணம் கட்டி, லீவு கேட்டு, மறுபடியும் பாண்டியன். ஜெர்மனியில் நர்சாகப் பதிவு செய்ய அதற்கு மேலே பி2 வேறு இருக்கிறது.

அடுத்தது அட்டவணை. ஜெர்மனில் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு சொல், வேற்றுமைக்கு ஏற்ப மாறும். ஆண்பாலுக்கு டேர், டென், டேம், டெஸ். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு நான்குதான்; ஆனால் நம் உருபு பெயரின் வாலில் ஒட்டும், அவர்களுக்குத் தலைப்பக்கம் மாறும். போதாக்குறைக்கு, நம் 'ஐ' உருபுக்குச் சமமானதை நாம் இரண்டாம் வேற்றுமை என்போம், அவர்களுடைய பழைய இலக்கண வரிசையில் அது நான்காவது. மூன்று பால், ஒரு பன்மை, நான்கு வேற்றுமை என்றால் பதினாறு கட்டம். பெயரடையின் விகுதிக்கு இதேபோல இன்னும் மூன்று அட்டவணை.

கணினியில் அட்டவணை ஒரு பக்கம், பயிற்சி ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொள்வார்கள். ஒரே பார்வையில் பதினாறும் தெரியும். ஆண்பால் மட்டும்தான் இரண்டாவது வரியில் மாறுகிறது என்பதை எங்கள் பெண் ஒருத்தி அப்படிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கன்ட்ரோல் பி போட்டு அச்செடுத்து, கீழே ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, சுவரில் ஒட்டியிருக்கிறோம். போனில் அதே அட்டவணை இரண்டரைப் பத்திதான் தெரிந்தது. மீதியைப் பார்க்கப் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருந்தது. தள்ளினால் பயிற்சி போய்விடும். போன வருடத்திலிருந்து செயலியில் அந்த அட்டவணையையும் எடுத்துவிட்டு 'குறிப்புத் துளி' என்று துண்டு துண்டாகப் போடுகிறீர்கள். தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தருகிறீர்கள், முழுத் தோசை எவ்வளவு பெரிது என்று தெரியாமலே போகிறது.

எல்லோரிடமும் போன் இருக்கிறது என்று உங்கள் மின்னஞ்சலில் ஒரு வாக்கியம். இருக்கிறதுதான். மேலூர்ப் பெண்ணிடம் இருப்பது அவள் அக்கா கொடுத்த பழைய போன். உங்கள் புதிய செயலியை இறக்கப் போனால் இந்தச் சாதனத்தில் இயங்காது என்கிறது. இன்னொருத்தி வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அது தம்பியோடு வேலைக்குப் போய்விடும். வேலை பார்க்கும் மருத்துவமனையில் டூட்டி நேரத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டியவர்கள் மூன்று பேர். அவர்களுக்கெல்லாம் கிடைத்த ஒன்று, கணினி.

அதிலும் ஒரு கணினியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப். திருமங்கலத்துப் பெண்ணின் அண்ணன் பள்ளியில் வாங்கியது. பேட்டரி செத்து எத்தனையோ வருடம் ஆகிறது, ஒயரைச் சொருகினால்தான் உயிர். அதில் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறாள். உங்கள் கணினிப் பதிப்பு அதில் ஓடியது. ஓர் உலாவி இருந்தால் போதும் என்பதுதானே அதன் அழகு. ஞாயிற்றுக்கிழமை என் பயிலகம் பூட்டியிருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு புதுநத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவாள். இந்த விஷயத்தை உங்கள் உதவிக்குழுவுக்கு எழுதினோம். முதலில் தானியங்கிப் பதில். இரண்டாவது பதிலில், ஆண்ட்ராய்டு போலவே இயங்கும் மென்பொருளைக் கணினியில் போட்டு அதற்குள் உங்கள் செயலியைத் திறக்கலாம் என்றார்கள். இரண்டு ஜிபி ரேம் உள்ள லேப்டாப். போட்டுப் பார்த்தோம். நான் போய் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். ஜூனில் ஐந்து கணக்குகளுக்கு வருடச் சந்தா கட்டினேன், பெண்கள் பங்கு போட்டுக் கொடுத்த காசு. கட்டிய பக்கத்தில் 'கணினியிலும் மொபைலிலும்' என்று இருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். பாதி வருடம்கூட முடியவில்லை.

ஏன் மூடுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டு பதிப்பைப் பராமரிக்கச் செலவு என்பீர்கள். இருக்கலாம். ஆனால் ஆங்கி என்று ஒரு நினைவட்டை மென்பொருள் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கே மனப்பாடம் என்றுதான் பொருள். கணினிக்கு இலவசம், உலாவியிலும் திறக்கும், ஆண்ட்ராய்டுக்கான ஆங்கிட்ராய்டைத் தன்னார்வலர்களே எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள். காலையில் பஸ்ஸில் போனில் விட்ட இடத்திலிருந்து சாயங்காலம் கணினியில் தொடரலாம். சந்தா வாங்காதவர்களால் முடிவது, சந்தா வாங்கும் உங்களால் முடியாதா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். போன் எங்களைக் கூப்பிடும். ராத்திரி பத்து மணிக்கு, இன்னும் இன்றைய பாடம் முடிக்கவில்லை என்று மணி அடிக்கும். கணினி கூப்பிடாது, நாங்களாக மாடி ஏறி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். எத்தனை பேர் எத்தனை தடவை திறந்தார்கள் என்று எண்ணுகிறவர்களுக்கு முதலாவதுதான் லாபம். பிள்ளைகள் வந்து உட்காருவதையே முப்பது வருடம் பார்த்த எனக்கு இரண்டாவதுதான் படிப்பாகத் தெரிகிறது.

கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். கணினிப் பதிப்பை மூடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம், அலங்காரம் வேண்டாம். இப்போது இருக்கும் காலிப் பெட்டியும் அட்டவணையும் அப்படியே இருந்தால் போதும். அது முடியவே முடியாது என்றால், 'கணினியிலும் மொபைலிலும்' என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கியவர்களுக்கு அவர்களுடைய வருடம் முடியும்வரையாவது திறந்து வையுங்கள். வேண்டாம் என்பவர்களுக்கு மீதி மாதங்களின் பணத்தை, பத்துப் படிவம் நிரப்பச் சொல்லாமல், கட்டிய வழியிலேயே திருப்பிக் கொடுங்கள்.

செயலியைப் பொறுத்தவரை, ஆப்ஷனையும் சொல் பரிந்துரையையும் முழுதாக அணைத்துவிட்டு வெறும் பெட்டியில் எழுதும் முறையை முதல் பக்கத்திலேயே வையுங்கள். அதில் புள்ளி விட்டால் தப்பு என்று போடுங்கள். எங்கள் பெண்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துவிட்ட அட்டவணைகளை அச்செடுக்கும் வடிவில் திருப்பிக் கொடுங்கள். பழைய போன்களிலும் இயங்கும் முந்தைய பதிப்பை இறக்கிக்கொள்ள விடுங்கள். அப்புறம், இத்தனை நாள் நாங்கள் படித்த சொற்களின் பட்டியல் உங்கள் கணக்கில் கிடக்கிறது. ஒவ்வொருவரும் தன் பட்டியலைச் சாதாரணக் கோப்பாக எடுத்துக்கொள்ள, மூடுவதற்கு முன்னால் ஒரு பொத்தான் வையுங்கள்.

இந்த மடலுக்கு ஒரு மனிதர் எழுதிய பதில் வேண்டும், இந்த மாதம் 25ஆம் தேதிக்குள். மூன்று பேர் அடுத்த எழுத்துப் பகுதிக்குப் பணம் கட்டிவிட்டார்கள். கணினிப் பதிப்பு இருக்கும் என்று நீங்கள் சொன்னால் அவர்களுடைய முறையை அப்படியே வைத்திருப்பேன். இல்லையென்றால் 26ஆம் தேதி காலையிலிருந்து, உங்கள் பாடத்திலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் நானே தாளில் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எனக்கு ஐந்து நாள்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிலக ஆசிரியர், ஏ2 மாணவர்,
பழங்காநத்தம், மதுரை